சிறுத்த மடலுக்குப் பின்னால்

எட்டயபுரத்துக்குப் பெயர் வாங்கித் தந்தவை பெரும்பாலும் காதுவழி வந்தவை. முத்துசுவாமி தீட்சிதர் தம் கடைசிக் காலத்தில் வந்து சேர்ந்து 1835-ல் கண்மூடியது இந்த ஊரில். அவர் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் எட்டயபுரம் சமஸ்தானத்து வித்துவான். மேல்நாட்டு வயலினை நம் இசைக்குப் பழக்கியவர்களில் முன்னோடியாக அவரைச் சொல்வார்கள். அந்தக் குடும்பத்துச் சுப்பராம தீட்சிதர், குருவின் வாயிலிருந்து சீடனின் காதுக்கு மட்டுமே போய்க்கொண்டிருந்த உருப்படிகளைச் சுரப்படுத்தி, 1904-ல் இவ்வூர் அச்சுக்கூடத்திலேயே ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’யாக வெளிக்கொண்டுவந்தார். 1882-ல் இங்கே பிறந்த சுப்பிரமணியன், பாரதி என்ற பட்டம் பெற்றதும் புலவர் அவையில் கவி சொல்லிக் கேட்கவைத்துத்தான்.

இந்தக் கரிசல் சீமையில் காதுக்கு இன்னொரு மரியாதையும் உண்டு. குழந்தைக்கு மொட்டை போட்டு, குலதெய்வம் கோயிலில் தாய்மாமன் மடியில் உட்காரவைத்துக் காது குத்தாமல் எந்தக் குடும்பமும் ஓய்வதில்லை. சீர்வரிசைத் தட்டுகள், பந்தி, மாமன் போடும் கம்மல் என்று அது ஒரு சிறிய கல்யாணம். இரண்டு தலைமுறைக்கு முன்புவரை தூத்துக்குடி, திருநெல்வேலி பக்கத்துப் பாட்டிமாரின் காதில் பாம்படமும் தண்டட்டியும் தோளைத் தொட்டு ஆடின. கிழக்கே மன்னார் வளைகுடாவில் மூச்சடக்கிக் குளித்து எடுத்த முத்துகள் ஊர் ஊராய்ப் போய்ச் சேர்ந்த இடங்களில் ஒன்று பெண்களின் காது. குடும்பத்தின் செல்வத்தையும் பெண்ணின் கௌரவத்தையும் தொங்கவிடுவதற்கு இந்தச் சமூகம் தேர்ந்தெடுத்த உறுப்பு அது.

இப்படிப்பட்ட ஊரில் ஒரு குழந்தை ஒரு பக்கத்துக் காதுமடல் இல்லாமல் பிறக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மடல் இருக்கவேண்டிய இடத்தில் சுருங்கிய சதைத் துணுக்கு ஒன்று. செவித்துளை இருக்கவேண்டிய இடத்தில் மூடிய தோல். மருத்துவர்கள் இதை மைக்ரோஷியா என்பார்கள். உலக அளவில் ஏறத்தாழ 6,000 முதல் 10,000 பிறப்புக்கு ஒன்று என்ற கணக்கில் நேர்கிறது. ஆண் குழந்தைகளிடம் சற்று அதிகம்; இடப் பக்கத்தைவிட வலப் பக்கத்தில் அதிகம்; பெரும்பாலும் ஒரு காதில் மட்டும். தமிழ்நாட்டில் ஆண்டுக்குச் சுமார் 9 லட்சம் குழந்தைகள் பிறக்கின்றன. அதே விகிதத்தை வைத்துக் கணக்குப் போட்டால் ஒவ்வோர் ஆண்டும் ஏறத்தாழ நூறு குழந்தைகள் இப்படி வருகிறார்கள். பத்து ஆண்டில் ஆயிரம் குடும்பங்கள். அந்த வீடுகளில் காதுகுத்துச் சடங்கு எப்படி நடந்தது, நடந்ததா என்பதை யாரும் எழுதி வைக்கவில்லை.

நான் சொல்ல வந்தது ஒன்றுதான். நாம் மடலைப் பார்க்கிறோம். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக மனிதகுலம் அந்த மடலையே பார்த்து, அது யாருடைய பாவம், யாருடைய தவறு என்று கேட்டுக்கொண்டிருக்கிறது. மடலுக்குப் பின்னால் அந்தக் குழந்தைக்கு எவ்வளவு கேட்கிறது, உடம்பில் வேறெங்கே பார்க்கவேண்டியிருக்கிறது என்ற இரண்டு கேள்விகளும் தாமதமாக வருகின்றன. அந்தத் தாமதம்தான் குழந்தைக்கு நாம் செய்யும் கேடு.

பழைய விளக்கங்களைக் கொஞ்சம் பார்ப்போம். அசீரிய மன்னன் அசுர்பனிபாலின் நினெவே நூலகத்திலிருந்து கிடைத்த களிமண் பலகைகளில், குறையோடு பிறக்கும் குழந்தைகளையும் கன்றுகளையும் வைத்து நாட்டுக்கு நிமித்தம் சொல்லும் பெரிய தொகுதி ஒன்று இருக்கிறது. வலக்காது இல்லாவிட்டால் அரசனுக்கு ஒரு பலன், இடக்காது இல்லாவிட்டால் வேறு பலன், இரண்டும் இல்லாவிட்டால் இன்னொரு பலன் என்று அது வரிசைப்படுத்திக்கொண்டே போகிறது. 2,600 ஆண்டுகளுக்கு முன்பே காதுக் குறையை இவ்வளவு நுணுக்கமாகக் கவனித்திருக்கிறார்கள். கவனித்த கண் குழந்தையின் பக்கம் திரும்பவில்லை. அரண்மனையின் பக்கம் திரும்பியது.

நம்மிடமும் அப்படி ஒரு பட்டியல் உண்டு. உறையூர் முதுகண்ணன் சாத்தனார் சோழன் நலங்கிள்ளிக்குச் சொன்ன புறநானூற்றின் 28-ஆம் பாட்டு, மனிதப் பிறப்பில் நேரும் எட்டு வகைக் குறைகளை எண்ணிச் சொல்கிறது. பார்வை இல்லாதவர், உருவமற்ற தசைப் பிண்டமாகப் பிறப்பது, கூனர், குள்ளர், பேசாதவர், கேளாதவர், அறிவு வளராதவர், சித்தம் மயங்கியவர். இந்தியாவில் பிறவிக் குறைகளை இப்படி வகைப்படுத்திய பழைய பதிவுகளில் இதற்கு முக்கிய இடம் உண்டு. ஆனால் இந்தப் பிறவிகளால் பயன் இல்லை என்பதே அந்தப் பாட்டு அவர்களைப் பற்றிச் சொல்லும் செய்தி. நம் பெருமைக்குரிய நூல்தான். அதற்காக இந்த ஒரு கருத்தை விழுங்கிக்கொண்டு போக எனக்கு மனமில்லை. அந்தக் கருத்து இன்றும் கல்யாண வீடுகளில், பெண் பார்க்கும் இடங்களில், பள்ளிக்கூட வாசல்களில் உயிரோடு இருக்கிறது.

ஐரோப்பா இதில் நம்மைவிட மேலாக இருந்துவிடவில்லை. பிரெஞ்சு அறுவை மருத்துவர் அம்புருவாஸ் பாரே 1573-ல் பிறவிக் குறைகளுக்கு வரிசையாகக் காரணம் எழுதினார். கடவுளின் மகிமை, கடவுளின் கோபம் என்று தொடங்கி, தாயின் மனக்கற்பனை, தாய் கர்ப்பத்தில் உட்கார்ந்த விதம் என்றெல்லாம் அது நீளும். எந்த ஊரில் எந்தக் காலத்தில் தொடங்கினாலும் இந்தப் பட்டியல்கள் கடைசியில் தாயின் வாசலில்தான் போய் நிற்கின்றன. நம் பக்கத்தில் அது கிரகணமாக இருக்கிறது. கிரகணத்தன்று அரிவாள்மணையில் காய் நறுக்கினாளாம், வெளியே வந்து நின்றாளாம். பிள்ளை மூளியாகப் பிறந்தது அதனால்தானாம். பச்சை உடம்போடு படுத்திருக்கும் பெண்ணிடம் மாமியாரும் நாத்தனாரும் சுற்றி நின்று விசாரணை நடத்துகிறார்கள். எந்தக் கிரகணமும் எந்தக் காதையும் கடித்ததில்லை. இதை ஊர் செவிலியரும் பள்ளி ஆசிரியரும் கோயில் பூசாரியும் ஒரே குரலில் சொல்லவேண்டும்.

கைத்தொழிலாகப் பார்த்தால் இந்த நாட்டுக்குக் காதைப் பற்றித் தெரிந்திருந்தது அதிகம். சுசுருத சங்கிதையின் சூத்திரத்தானத்தில் 16-ஆம் அத்தியாயம் முழுக்கக் காதுக்கு. குழந்தைக்கு ஆறாவது, ஏழாவது மாதத்தில் காது குத்துவது, ஆணுக்கு வலக்காதும் பெண்ணுக்கு இடக்காதும் முதலில் குத்துவது, துளை பெரிதாகிக் கிழிந்த மடலைப் பதினைந்து வகையில் ஒட்டிச் சேர்ப்பது எல்லாம் அதில் வருகின்றன. மடலே இல்லாதவருக்குக் கன்னத்துத் தசையை அடியோடு அறுத்துவிடாமல், உயிர்த்தொடர்பு விடாமல் திருப்பி மடல் அமைப்பதும் சொல்லப்படுகிறது. பாம்படம் அறுத்த காதுகளை இருபதாம் நூற்றாண்டில் நம் பாட்டிமார் தைத்துச் சுருக்கிக்கொண்டபோது, தெரிந்தோ தெரியாமலோ ஒரு மிகப் பழைய இந்திய வைத்தியத்தைத்தான் செய்துகொண்டார்கள். கிழிந்த காதைத் தைக்கத் தெரிந்த நாட்டில், வளராத காதைப் பற்றிய கேள்வி மட்டும் பாவபுண்ணியக் கணக்கில் போய்ச் சேர்ந்தது ஏன்? கிழிவது எல்லோர் கண்முன்னும் நடக்கிறது. வளராமல் போவது கருப்பைக்குள், பார்க்க முடியாத இடத்தில், மிகச் சில நாட்களுக்குள் நடந்து முடிந்துவிடுகிறது.

அந்த நாட்களை முதலில் தெளிவாகக் காட்டியவர்களில் ஒருவர் வில்ஹெல்ம் ஹிஸ் என்ற சுவிட்சர்லாந்துக்காரர். 1885-ல் அவர் விவரித்தபடி, கரு ஐந்தாறு வாரமாக இருக்கும்போது கழுத்துப் பக்கம் ஆறு சிறு புடைப்புகள் எழும்புகின்றன. மூன்று, கீழ்த்தாடையாக வளரப்போகும் முதல் வளைவிலிருந்து. மூன்று, அதற்கடுத்த இரண்டாம் வளைவிலிருந்து. ஆறும் கூடிக் காதுமடலாகின்றன. ஆகவே நம் காது முதலில் தோன்றுவது தலையின் பக்கவாட்டில் அல்ல. தாடைக்குக் கீழே, கழுத்தில். தாடை வளர வளர மடல் மேலேறி இப்போதிருக்கும் இடத்துக்கு வருகிறது. பிறந்த குழந்தையின் காது வழக்கத்தைவிடக் கீழே அமைந்திருந்தால் மருத்துவர் கவலைப்படுவதற்கு இதுதான் காரணம். செவித்துளை அந்த இரு வளைவுகளுக்கு இடையிலுள்ள பள்ளத்திலிருந்து வருகிறது. செவிப்பறைக்குப் பின்னாலிருக்கும் மூன்று சிற்றெலும்புகளும் இதே வளைவுகளின் பிள்ளைகள். இந்த வேலை நடுவில் தடைப்பட்டால் மடல் சிறுக்கிறது, துளை மூடுகிறது, எலும்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன.

உட்செவி மட்டும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததில்லை. நத்தைக் கூட்டு வடிவத்தில் சுருண்டிருக்கும் அந்தக் கேட்கும் உறுப்பு, நான்காவது வாரத்திலேயே தலைப்பக்கத் தோலின் ஒரு தடிப்பிலிருந்து தனியாகப் புறப்பட்டு உள்ளே இறங்கிவிடுகிறது. அதனால் மடலும் துளையும் இல்லாமல் பிறக்கும் பெரும்பாலான குழந்தைகளுக்கு உட்செவியும் அதன் நரம்பும் நன்றாகவே இருக்கின்றன. ஒலி உள்ளே போவதற்கு வழி இல்லை, அவ்வளவுதான். அந்தப் பக்கத்தில் 40 முதல் 65 டெசிபல் வரை கேட்பு குறையும். சாதாரணப் பேச்சுக் குரல் ஏறத்தாழ 60 டெசிபல். பக்கத்தில் நின்று பேசினால் முணுமுணுப்பாக விழும், அல்லது விழாது. வெளியே ஒன்றும் இல்லை என்பதால் உள்ளேயும் ஒன்றும் இல்லை என்று வீட்டார் முடிவுகட்டிவிடுவது எவ்வளவு பெரிய பிழை என்பது இதிலிருந்தே புரியும்.

இன்னொன்றும் இதிலிருந்தே புரியும். எட்டயபுரத்து நெசவாளர் பாவில் ஓரிடத்தில் இழை அறுந்தால் பக்கத்து இழைகளையும் விரலால் தடவிப் பார்ப்பார். அறுத்தது எதுவோ அது பக்கத்திலும் பட்டிருக்கலாம். காது உருவாகும் அதே வாரங்களில் தாடை, இதயம், சிறுநீரகம், முதுகெலும்பு எல்லாம் உருவாகின்றன. ஆகவே சில குழந்தைகளிடம் காதுக் குறை தனியாக வருவதில்லை. லண்டன் கண் மருத்துவர் எட்வர்ட் ட்ரீச்சர் காலின்ஸ் 1900-ல் விவரித்ததும் பின்னாளில் அவர் பெயரையே பெற்றதுமான நிலையில், இரண்டு காதும் சிறுத்து, கன்ன எலும்பு தாழ்ந்து, கீழ் இமையில் பிளவு விழுந்திருக்கும். தாடை மிகச் சிறிதாக இருந்தால் பிறந்த உடனே மூச்சுக்கே ஆபத்து. அறிவு வளர்ச்சி மட்டும் பொதுவாக முழுமையாக இருக்கும். முகத்தைப் பார்த்துப் பிள்ளையை மந்தபுத்தி என்று ஒதுக்கிய பள்ளிகள் செய்தது அநியாயம். இதற்குக் காரணமான முக்கிய மரபணு 1996-ல் கண்டறியப்பட்டது. பாதிக்கும் மேற்பட்ட குழந்தைகளிடம் அது பெற்றோரிடமிருந்து வராமல் புதிதாகவே நேர்கிறது. மோரிஸ் கோல்டன்ஹார் 1952-ல் எழுதிய நிலையிலோ பெரும்பாலும் முகத்தின் ஒரு பக்கம் மட்டும் சிறுக்கும். கண்ணின் வெள்ளைப் பகுதியில் சிறு கட்டி, கழுத்து முதுகெலும்பில் ஒட்டல், சிலருக்கு இதயத்திலும் சிறுநீரகத்திலும் குறை. காதுக்கு முன்னால் சிறு துளை, கழுத்தில் கசியும் துளை, கூடவே சிறுநீரகக் கோளாறு என்று சேர்ந்து குடும்பத்தில் இறங்கும் நிலை ஒன்று உண்டு. காதுக்கு முன்னால் வெறும் துளை மட்டும் இருக்கும் குழந்தைகள் ஏராளம், அவர்களில் பெரும்பாலோர் நலமானவர்கள், பயம் வேண்டாம். சார்ஜ் என்று 1981-ல் பெயரிடப்பட்ட நிலையில் கண், இதயம், மூக்கின் பின்வாசல், இவற்றோடு உட்செவியும் சேர்ந்து பாதிக்கப்படும்.

பெயர்கள் நினைவில் நிற்கவேண்டியதில்லை. காதுக் குறையோடு பிறந்த குழந்தையை இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் ஒரு ஸ்கேன் எடுத்து, கண்ணையும் தாடையையும் கழுத்தெலும்பையும் ஒரு முறை பார்க்கச் சொல்லிக் கேட்கும் உரிமை தாய்க்கு உண்டு என்பது நிற்கவேண்டும். கர்ப்பத்தில் ஐந்தாம் மாத ஸ்கேனில் காது பெரும்பாலும் தப்பிவிடும். அதை எடுத்த மருத்துவரைக் குறைசொல்லிப் பயனில்லை. பிறந்த பிறகு பார்க்காமல் விடுவதற்கு அந்தச் சாக்கு இல்லை.

பெரும்பாலான குழந்தைகளிடம் காரணம் இன்னதென்று சுட்ட முடிவதில்லை. சுட்ட முடிந்த சில இடங்கள் வரலாற்றில் கனமானவை. 1956-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளன்று, மேற்கு ஜெர்மனியின் ஸ்டோல்பர்க் நகரத்தில் ஒரு பெண் குழந்தை காதுகள் இல்லாமல் பிறந்தது. தந்தை அங்கே இருந்த க்ருனென்தால் மருந்து நிறுவனத்தின் ஊழியர். நிறுவனம் இன்னும் விற்பனைக்கு விடாத ஒரு மாத்திரையைக் கர்ப்பிணி மனைவிக்குக் கொண்டுவந்து கொடுத்திருந்தார். அந்த மாத்திரை 1957 அக்டோபரில் கான்டர்கான் என்ற பெயரில் கடைக்கு வந்தது. தூக்கத்துக்கும் கர்ப்பகால மசக்கைக்கும் பாதுகாப்பானது என்று சொல்லி, மருந்துச்சீட்டுகூட இல்லாமல் விற்றார்கள். தாலிடோமைடு என்று உலகம் பின்னால் அறிந்தது அதைத்தான். ஜெர்மனியில் விடுகின்ட் லென்ஸும் ஆஸ்திரேலியாவில் வில்லியம் மெக்பிரைடும் எச்சரித்த பிறகு 1961 நவம்பர் இறுதியில் திரும்பப் பெறப்பட்டது. அதற்குள் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட குழந்தைகள். கையில்லாத குழந்தைகளின் படங்களைத்தான் உலகம் நினைவில் வைத்திருக்கிறது. ஆனால் தொடக்கத்திலேயே சாட்சி சொன்னவை காதுகள்.

லென்ஸ் நாள்வாரியாகக் கணக்கெடுத்துக் காட்டினார். கடைசி மாதவிடாயிலிருந்து எண்ணினால் ஏறத்தாழ 34-ஆவது நாளையொட்டி மாத்திரை விழுங்கிய தாய்மாரின் குழந்தைகளுக்குக் காது போனது. அதற்குச் சில நாள் கழித்து விழுங்கியவர்களின் குழந்தைகளுக்குக் கை, இன்னும் சில நாள் கழித்துக் கால். நாள் தள்ளிப்போயிருக்கிறதே, பார்க்கலாம் என்று ஒரு பெண் இன்னும் யாரிடமும் சொல்லாமல் இருக்கும் நாட்கள் அவை. கிரகணத்தின் பெயரால் தாயைக் குற்றவாளியாக்கிய நூற்றாண்டுகளுக்குப் பிறகு, இங்கே உண்மையான குற்றவாளி கையும் களவுமாகப் பிடிபட்டது. அது ஒரு நிறுவனமாக இருந்தது. 2012-ல், ஐம்பது ஆண்டுகள் கழித்து, அந்த நிறுவனத்தின் தலைவர் ஸ்டோல்பர்க்கில் மன்னிப்புக் கேட்டார்.

அந்தக் கதை முடிந்துவிடவில்லை. 1982-ல் அமெரிக்கச் சந்தைக்கு வந்த ஐசோட்ரெட்டினோயின் என்ற முகப்பரு மாத்திரை, கர்ப்பத்தின் தொடக்கத்தில் உடம்பில் இருந்தால் காதையும் இதயத்தையும் மூளையையும் கெடுக்கும் என்பது சில ஆண்டுகளுக்குள்ளேயே தெரிந்துபோனது. நம் ஊர்ப் பெண்களும் இன்று அதை உட்கொள்கிறார்கள். தோல் மருத்துவர் சீட்டு எழுதும்போதே கர்ப்பத்தைப் பற்றிக் கேட்கவேண்டும். கல்யாணம் நிச்சயமான பெண்ணுக்கு முகம் பளிச்சென்று இருக்கவேண்டும் என்று கடையில் கேட்டு வாங்கிக்கொடுக்கும் அக்காவும் அத்தையும் இதைத் தெரிந்துகொள்ளவேண்டும். கருத்தரிப்பதற்கு முன்பே கட்டுக்குள் வராத சர்க்கரை நோயும் கோல்டன்ஹார் போன்ற குறைகளுக்கான வாய்ப்பைக் கூட்டுகிறது. சர்க்கரை இவ்வளவு பரவியிருக்கும் தமிழ்நாட்டில் முதல் சோதனை கல்யாணப் பேச்சோடு வரவேண்டும். மூன்றாம் மாதத்தில் வந்தால் காது உருவாகி முடிந்திருக்கும்.

இதற்கு நேர் மாறான ஒரு வரலாறும் இருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் மடலின் ஏமாற்று விளங்கும். 1941-ல் சிட்னி நகரத்துக் கண் மருத்துவர் நார்மன் கிரெக்கிடம் பிறவிக் கண்புரையோடு குழந்தைகள் வரிசையாக வந்தார்கள். காத்திருந்த தாய்மார் தங்களுக்குள் பேசிக்கொண்டதில், கர்ப்பத்தில் தங்களுக்கு ஜெர்மன் தட்டம்மை, அதாவது ருபெல்லா வந்து போனது என்ற பேச்சு அவர் காதில் விழுந்தது. அந்தப் பேச்சைப் பெண்கள் அரட்டை என்று தள்ளாமல் அவர் விசாரித்ததால், வெளியிலிருந்து வரும் ஒரு நோய்க்கிருமி கருவைச் சிதைக்கும் என்ற உண்மை மருத்துவத்துக்குக் கிடைத்தது. அந்தக் குழந்தைகளில் பலருக்குக் காது கேட்காததும் விரைவில் தெரிந்தது. ருபெல்லா மடலைத் தொடுவதில்லை, உட்செவியைத் தொடுகிறது. அழகான மடல், கம்மல் போட்டுப் பார்க்க ஆசைப்படும் மடல். உள்ளே கேட்பு இல்லை. 1990களில் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையில் நடந்த ஆய்வுகள் தென்தமிழ்நாட்டுக் கைக்குழந்தைகளின் கண்புரைக்கு ருபெல்லா ஒரு பெரிய காரணம் என்று காட்டின. அதே கிருமி எத்தனை காதுகளை அடைத்திருக்கும்! 2017 பிப்ரவரியில் தட்டம்மை-ருபெல்லா தடுப்பூசி இயக்கம் நாட்டில் முதலில் தொடங்கிய மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. 9 மாதம் முதல் 15 வயது வரை எல்லோருக்கும். அப்போது வாட்ஸ்அப்பில் பரவிய பொய்களை நம்பிப் பிள்ளைகளை ஊசி நாளன்று பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டில் வைத்த பெற்றோர் இருந்தார்கள். அவர்களைத் திட்டி ஆகப்போவது ஒன்றுமில்லை. அன்று ஊசி போடாமல் விடப்பட்ட சிறுமிகள் இன்று கல்யாண வயதில் இருக்கிறார்கள், கருத்தரிக்கும் முன் அவர்களுக்கு அதைப் போட இன்னும் நேரம் இருக்கிறது. கர்ப்பமான பிறகு போட முடியாது.

சொந்தத்தில் திருமணம் பற்றியும் ஒரு வார்த்தை. மாமன் மகள், அக்காள் மகள் என்று கட்டுவதால் மைக்ரோஷியா வருகிறது என்று பலர் நினைக்கிறார்கள். மைக்ரோஷியாவின் பெரும்பகுதி குடும்பத்தில் வேறு யாருக்கும் இல்லாமல் தனியாக நேர்வது. சொந்தத் திருமணம் சந்தேகமில்லாமல் பங்கு வகிப்பது, மடல் முழுதாக இருந்து உட்செவி கேளாமல் பிறக்கும் பிறவிச் செவிட்டுத்தன்மையில். குற்றச்சாட்டைத் தவறான இடத்தில் வைத்தால் சரியான இடத்தில் வைக்கவேண்டிய எச்சரிக்கையும் வலுவிழக்கும்.

கேளாத குழந்தைகளைப் பற்றி இந்த வட்டாரம் யோசிக்கத் தொடங்கியது நேற்றல்ல. 1890களில், சுப்பராம தீட்சிதர் எட்டயபுரத்தில் வாழ்ந்த அதே ஆண்டுகளில், பாளையங்கோட்டையில் ஃபிளாரன்ஸ் ஸ்வெயின்சன் என்ற மிஷனரிப் பெண் கேளாத குழந்தைகளைக் கூட்டிவைத்துப் பள்ளி தொடங்கினார். பம்பாய், கல்கத்தாப் பள்ளிகளோடு சேர்த்து இந்தியாவின் முதல் கேளாதோர் பள்ளிகளில் வைத்து எண்ணப்படும் பள்ளி அது. இன்றும் அவர் பெயரில் நடக்கிறது. பயனற்ற பிறவி என்ற பழைய தீர்ப்பை இந்த மண்ணில் செயலால் மறுத்தவர்களில் அந்தப் பெண்ணுக்கு முதல் வரிசையில் இடம் உண்டு. அன்று அவருக்குக் கிடைக்காத ஒன்று இன்று நமக்குக் கிடைத்திருக்கிறது: உட்செவி நன்றாக இருக்கும் குழந்தை எது என்று பிறந்த சில வாரங்களிலேயே தெரிந்துகொள்ளும் வழி.

மண்டையோட்டு எலும்பைத் தட்டினால் அதிர்வு நேராக உட்செவிக்குப் போகும். துளையும் பறையும் தேவையில்லை. 1977-ல் ஸ்வீடனின் கோத்தன்பர்க் நகரத்தில் ஆண்டர்ஸ் ஷெல்ஸ்ட்ரோம் காதுக்குப் பின்னால் எலும்பில் டைட்டானியத் திருகு பதித்து அதில் கேட்புக் கருவியை மாட்டினார். திருகு பதிக்கும் அளவுக்கு எலும்பு தடிக்காத கைக்குழந்தைக்கு அறுவை எதுவும் வேண்டாம். மென்மையான தலைப்பட்டையில் கருவியைக் கோத்துக் கட்டினால் போதும். பட்டையைக் கட்டிய நாளிலேயே குழந்தைக்குக் கேட்கும். மூளை மொழியைப் பிடித்துக்கொள்ளும் முதல் ஆண்டுகள் வீணாகாது. இரண்டு காதும் மூடிய குழந்தைக்கு இது தள்ளிப்போடக் கூடாத உதவி.

ஆனால் வீடுகளில் நடப்பது வேறு. குழந்தை பிறந்ததும் முதல் கேள்வி, காதை ஒட்டவைக்க முடியுமா என்பது. முடியும். விலாக் குருத்தெலும்பைச் செதுக்கி மடல் அமைக்கும் முறையை ஹரால்ட் கில்லிஸ் 1920-லேயே முயன்றார். ராட்ஃபர்ட் டான்சர் 1959-ல் அதை நம்பகமாக்கினார். ஜப்பானின் சத்தோரு நகாதா மேலும் செம்மைப்படுத்தினார். ஆனால் விலாவில் எடுக்கும் அளவு குருத்தெலும்பு வளர ஆறு வயதாவது ஆகவேண்டும். நகாதா முறைக்குப் பத்து வயது. அதுவரை காத்திருக்கச் சொல்லி மருத்துவர் அனுப்பினால், கேட்புச் சோதனையும் சேர்த்துத்தான் காத்திருக்கச் சொன்னார் என்று குடும்பம் புரிந்துகொள்கிறது. ஆறு ஆண்டுகள் போய்விடுகின்றன. மடல் வருகிறது, பேச்சு வருவதில்லை, அல்லது குழறுகிறது. சிலிக்கான் மடல் என்ற எளிய வழியும் இருக்கிறது. பல பிள்ளைகளுக்கு அதுவே போதும். மூடிய துளையைத் திறக்கும் அறுவையில் முகநரம்பு வழக்கமான பாதையில் போகாமல் குறுக்கே இருக்கலாம், திறந்த துளை மறுபடி சுருங்கலாம். அவசரப்பட்டு ஒப்புக்கொள்ளும் காரியம் அல்ல. மடல் முழுதாக இருந்து மடங்கியோ ஒட்டியோ மட்டும் இருந்தால் பிறந்த முதல் சில வாரங்களிலேயே அச்சுப்பட்டை கட்டித் திருத்திவிடலாம். தாயிடமிருந்து வந்த ஹார்மோன்கள் குழந்தையின் உடம்பில் இருக்கும்வரை குருத்தெலும்பு மெழுகாக இருக்கும். ஆறு வாரம் கழித்துப் போனால் அந்த வாய்ப்பு போய்விடும்.

ஒரு காது நன்றாக இருக்கிறதே, அது போதாதா என்று கேட்பவர்களும் உண்டு. அமைதியான அறையில் போதும். அமெரிக்காவில் ஃப்ரெட் பெஸ் 1980களில் ஒரு காது மட்டும் கேட்கும் பிள்ளைகளை ஆராய்ந்தபோது மூன்றில் ஒருவருக்கும் மேல் ஒரு வகுப்பிலாவது தோற்றிருந்தார்கள். மின்விசிறியும் பக்கத்து வகுப்புக் கூச்சலும் சேர்ந்த நம் அறைகளில் கேளாத பக்கத்தில் ஆசிரியர் நின்றால் பாடம் பாதி போகும். சத்தம் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பதும் தெரியாது, சாலையில் அது உயிர்ப்பிரச்சினை. நல்ல காது ஆசிரியர் பக்கம் இருக்கும்படி முன்வரிசையில் ஓர் இடம் கொடுப்பதற்கு அரசாணை தேவையில்லை. கொரோனாக் காலத்தில் முகக்கவசத்தை மாட்ட ஒரு பக்கம் மடல் இல்லாமல் திணறிய பிள்ளைகளுக்குத் தலைக்குப் பின்னால் கட்டும் நாடா வைத்துத் தைத்துக் கொடுத்த தாய்மார், கண்ணாடிக்கும் அதே வழி கண்டுபிடித்தார்கள். இந்தச் சின்னச் சின்ன யுக்திகள் ஊருக்கு ஊர் தனித்தனியாகக் கண்டுபிடிக்கப்பட்டு, எழுதப்படாமல் மறைகின்றன.

சட்டம் இங்கே தடுமாறுகிறது. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் அட்டவணை, கேள்விக் குறையை இரண்டு காதுகளையும் வைத்தே அளக்கிறது: இரண்டிலும் 70 டெசிபல் இழப்பு இருந்தால் கேளாதவர், 60 முதல் 70 வரை இருந்தால் கேள்விக் குறையுள்ளவர். ஒரு காது மூடிய பிள்ளைக்கு அந்த அட்டவணையில் இடமில்லை. இரண்டு காதும் மூடிய பிள்ளைகூட 58 டெசிபல் என்று அளவு வந்தால் சான்றிதழ் இல்லாமல் திரும்பவேண்டியிருக்கும். 2013-ல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டம் பள்ளிகளிலும் அங்கன்வாடிகளிலும் பிள்ளைகளைத் தேடிப்போய்ப் பார்க்கிறது. அதன் பிறவிக் குறைப் பட்டியலில் பிறவிச் செவிட்டுத்தன்மை பெயர்சொல்லி இருக்கிறது, காதுமடல் குறை தனியாக இல்லை. அதில் இருக்கும் ஒன்பது பெயர்களோடு பத்தாவதாக ஒன்றைச் சேர்ப்பது பெரிய செலவு இல்லை. சேர்த்தால் பிரசவம் பார்த்த செவிலியரின் படிவத்தில் ஒரு கட்டம் கூடும். அந்தக் கட்டத்தில் குறி விழுந்தால் குழந்தைக்கு அடுத்த சந்திப்பு எங்கே, எந்தத் தேதியில் என்று எழுதிக்கொடுக்கவேண்டியிருக்கும். உட்செவிக்குள் பதிக்கும் காக்ளியர் கருவியை ஏழைக் குழந்தைகளுக்குக் காப்பீட்டில் பொருத்திக்காட்டி நாட்டுக்கு வழிகாட்டிய மாநிலம் இது. அதைவிடப் பல மடங்கு விலை குறைந்த எலும்புவழிப் பட்டையும் அலைச்சலில்லாமல் கைக்கு வரவேண்டும்.

எட்டயபுரம் மதுரை–தூத்துக்குடி நெடுஞ்சாலையில் இருக்கிறது. கோவில்பட்டி அரசு மருத்துவமனைக்கும் தூத்துக்குடி மருத்துவக் கல்லூரிக்கும் பேருந்து உண்டு. தறியையோ தீப்பெட்டி வேலையையோ ஒரு நாள் விட்டு வரும் தாய் முதல் மாதத்தில் ஒரு முறை, மூன்றாம் மாதத்தில் கேட்பு நரம்பின் பதிலை அளக்கும் எலும்புவழி பேரா சோதனைக்கு ஒரு முறை, ஆறாம் மாதத்துக்குள் பட்டை கட்ட ஒரு முறை வந்தால் போதும் என்பது உலக அளவில் ஏற்றுக்கொள்ளப்பட்ட ஒரு மாதம், மூன்று மாதம், ஆறு மாதம் என்ற கால அட்டவணை. அந்த மூன்று நாளின் கூலியையும் பேருந்துக் கட்டணத்தையும் அரசு கொடுத்தால் அதைவிடச் சிக்கனமான மறுவாழ்வுச் செலவு வேறு இல்லை. காதுகுத்தைப் பொறுத்தவரை, இருக்கும் ஒரு காதில் குத்தலாம். மடல் அமைக்கவிருக்கும் பக்கத்துச் சதைத் துணுக்கில் மட்டும் குத்தக் கூடாது, அறுவையின்போது அந்தத் தோல் மருத்துவருக்குத் தேவைப்படும். இதைத் தாய்மாமனிடம் முன்கூட்டியே சொல்லி வைப்பது நல்லது.